யுனிக்ஸ் கணினிக்கு ஒரு மோடம் வாங்கப் பட்ட பாடு

இணைப்புக் கொடுத்த நிறுவனமே ஒரு பெட்டி தருகிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போதாது. மோடம், ரவுட்டர், வைஃபை, தொலைபேசி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், எதுவும் உருப்படியாக இருக்காது. எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினியைக் கட்டளைகளால் இயக்கும் வழி) இணைப்பைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டாமல் இருந்தால் அதன் நாட் அட்டவணை, அதாவது எந்த இணைப்பு வீட்டின் எந்தக் கணினிக்கு என்று குறித்து வைக்கும் பட்டியல், நம்மை மறந்துவிடும். ராத்திரியோடு ராத்திரியாக அவர்களே ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) மாற்றுவார்கள், காலையில் பார்த்தால் நாம் திறந்து வைத்த போர்ட்டெல்லாம் மூடிக் கிடக்கும். என் வீட்டில் ரவுட்டர் வேலையும் ஃபயர்வால் வேலையும் பார்ப்பது ஓப்பன்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் ஒரு கணினி. டெலிபோன் கம்பியில் வரும் விடிஎஸ்எல் பிராட்பேண்டை ஈதர்நெட்டாக (கணினிகளை இணைக்கும் சாதாரண வலைக்கம்பி முறை) மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு சாதனம்தான் அதற்கு வேண்டும். பிரிட்ஜ் மோடு என்பார்களே, அதுதான்.

அவர்கள் கொடுத்த பெட்டியின் மெனுவில் அந்த வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். சேவை மையத்துக்குப் போன் செய்தால், "சார், எங்க மோடம் போட்டிருந்தாத்தான் புகார் எடுப்போம்" என்றார் ஒருவர். சரி, எடுக்க வேண்டாம், பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலையில் உள்நுழையும் முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுங்கள் என்றேன். அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, எங்களுக்கும் தெரியாது என்று பதில். கணக்குப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றும் பொத்தானை அழுத்தினால் புதிதாக ஒன்று மின்னஞ்சலில் வந்துவிடும் என்பதை யாருமே சொல்லவில்லை, நானே துழாவிக் கண்டுபிடித்தேன். புது மோடம் வாங்கும் முன் இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியைக் கழற்றிய பிறகு கேட்டால் இன்னும் பாடுபடுத்துவார்கள். அந்தப் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம், லைனில் கோளாறு என்று ஆள் வந்தால் முதலில் அதைத்தான் மாட்டச் சொல்வார்.

எந்த மோடம் என்பதற்கு வருவோம். யுஎஸ்பியில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். விடிஎஸ்எல்லுக்கு முந்தைய ஏடிஎஸ்எல் காலத்தில் ஸ்பீடுடச் யுஎஸ்பி மாதிரி மோடம்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும்: ஒவ்வொரு முறை கணினியை ஏற்றும்போதும் ஃபர்ம்வேர் கோப்பை மோடத்துக்குள் அனுப்ப வேண்டும், அந்தக் கோப்பை விண்டோஸ் டிரைவரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) புதுப்பித்தால் அப்புறம் எது ஓடும் எது ஓடாது என்று தெரியாது. உள்ளே செருகும் அட்டைகளும் இதே ரகம்தான். ஈதர்நெட் மோடத்தில் இந்தத் தொல்லையே கிடையாது, கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெட்டியின் மேல் "லினக்ஸுக்கு ஏற்றது" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈதர்நெட் என்றால் அது எல்லாவற்றுக்கும் ஏற்றதுதான், யுஎஸ்பி என்றால் எந்தக் கெர்னல் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் நான் பார்த்தது இவ்வளவுதான். உண்மையான பிரிட்ஜ் மோடு இருக்க வேண்டும். சில மோடம்கள் அரைப் பிரிட்ஜ் என்று ஒன்றை வைத்திருக்கின்றன, உள்நுழையும் பிபிபி வேலையைத் தானே செய்துவிட்டு ஐபி முகவரியை மட்டும் நம் கணினிக்குத் தள்ளிவிடும், அது எனக்கு ஆகாது. நம் லைனின் விடிஎஸ்எல்2 ப்ரொஃபைல் (லைன் ஓடும் அலைவரிசை வகை), 17ஏ-வோ 35பி-யோ, அதை மோடம் ஆதரிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் வெக்டரிங் (பக்கத்துக் கம்பிகளின் குறுக்கீட்டை நீக்கும் நுட்பம்) ஓடுகிறதென்றால் மோடத்திலும் அது கட்டாயம், இல்லாவிட்டால் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடுவார்கள். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்கும் மிச்சம்), அட்டன்யூவேஷன் (கம்பியில் சிக்னல் தேய்வது), பிழை எண்ணிக்கை எல்லாம் கணினியிலிருந்தே டெல்நெட்டிலோ எஸ்என்எம்பியிலோ படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. வைஃபை இல்லாத மாடலாகவே பார்த்து எடுத்தேன்.

மாட்டியதும் லைன் சிங்க் ஆனது, அதாவது மோடமும் எக்ஸ்சேஞ்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அதோடு சரி, பிபிபிஓஇ இணையவில்லை.

டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் கருவி) போட்டுப் பார்த்தால் என் கணினி பிஏடிஐ பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, "யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்கும் பாக்கெட் அது. பதிலாக வர வேண்டிய பிஏடிஓ வரவே இல்லை. சேவை மையத்தில் "லைன் பச்சையாக இருக்கிறது சார், உங்கள் சாதனத்தில்தான் பிரச்சினை" என்று கையை விரித்துவிட்டார்கள். விலான் எண் (ஒரே கம்பியில் போகும் வலைகளைப் பிரித்துக் காட்டும் அடையாள எண்) ஏதாவது உண்டா என்று கேட்டேன், அந்த வார்த்தையையே அவர் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் வேறு வேலையாகக் கம்பத்துக்கு வந்த லைன்மேனைப் பிடித்துக் கேட்டால், "அதுவா" என்று நின்ற இடத்திலேயே எண்ணைச் சொன்னார். ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு விலான் இடைமுகத்தை உருவாக்கி, பிபிபிஓஇ-யை அதன் மேல் உட்கார வைத்தேன். அப்போதும் பதில் இல்லை! மோடமும் தன் பங்குக்கு அந்த எண்ணைக் குறிக்கும் ஒரு விலான் டேகைப் போட்டுக்கொண்டிருந்தது, பாக்கெட் இரண்டு டேகோடு போய்க்கொண்டிருந்தது. டேகை மோடத்தில் போடுங்கள் அல்லது கணினியில் போடுங்கள், இரண்டிலும் போடாதீர்கள். மோடத்தில் அதை எடுத்துவிட்டதும் அந்தக் கணமே பிஏடிஓ வந்து விழுந்தது.

அடுத்த தலைவலி எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. யுனிக்ஸ் கணினியில் எல்லாப் பக்கமும் திறக்கிறது, அதன் பின்னால் இருக்கும் மடிக்கணினிகளில் மட்டும் சில தளங்கள் பாதியில் தொங்குகின்றன. பிபிபிஓஇ தலைப்பு 8 பைட் தின்றுவிடுவதால் 1500-க்குப் பதில் 1492தான் மிச்சம். கணினிக்கு அது தெரியும், மடிக்கணினிக்குத் தெரியாது. பாக்கெட் பெரிது என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பியை நடுவில் யாராவது தடுத்திருந்தால் அதற்குத் தெரியவும் வராது. துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1464 பைட் பிங் போய், 1465 போகவில்லை என்றால் இதேதான் கதை. ஓப்பன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்-இன் விதியில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்றும் தரவின் அளவை) ஐபிவி4-க்கு 1452, ஐபிவி6-க்கு 1432 என்று கட்டுப்படுத்தினால் தீர்ந்தது. நான் இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டு, ஈதர்நெட், விலான் இரண்டின் எம்டியூவையும் 1508 ஆக்கிப் பார்த்தேன். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 4638 சொல்வது இதைத்தான். மோடமும் மறுமுனையும் ஒத்துக்கொண்டன, முழு 1500 கிடைத்தது. எல்லா மோடமும் இதற்கு ஒத்துவராது, வாங்கும் முன் விசாரியுங்கள்.

பிரிட்ஜ் மோடில் மோடத்தின் அமைப்புப் பக்கமே திறக்கவில்லை என்று பலர் பதறுகிறார்கள். மோடத்துக்குப் போகும் ஈதர்நெட் இடைமுகத்துக்கு, மோடத்தின் முகவரி இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுத்தால் போதும்.

அது திறந்ததால்தான் கடைசிச் சண்டையில் ஜெயித்தேன். இணைப்பு தினமும் நள்ளிரவைத் தாண்டியதும் அறுந்தது. "வெளி மோடம் போட்டீங்கல்ல சார், அப்படித்தான்" என்றார்கள். மூன்று கடிகாரங்களைப் பார்த்தேன்: மோடம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, லைன் எவ்வளவு நேரமாகச் சிங்கில் இருக்கிறது, பிபிபி எவ்வளவு நேரமாக இணைந்திருக்கிறது. முதலாவது பூஜ்யமானால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது அடாப்டர், இரண்டாவது மட்டும் பூஜ்யமானால் கம்பியைச் சந்தேகிக்கலாம், மூன்றாவது மட்டுமென்றால் பெரும்பாலும் அவர்கள் பக்கம். எனக்கு மூன்றாவது. டிசிபிடம்பை இரவு முழுக்க ஓடவிட்டதில், இணைப்பை முடிக்கும் பிஏடிடி பாக்கெட் அவர்கள் முனையிலிருந்து வருவது அப்படியே பதிவானது. அதைப் புகாரோடு இணைத்து அனுப்பினேன். ஒருவரும் கூப்பிடவில்லை, மன்னிப்பும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இணைப்பு அறுவது நின்றது, புகார் எண்ணுக்கு எதிரே "வாடிக்கையாளர் மோடம் சரிசெய்யப்பட்டது" என்று எழுதி முடித்துவைத்திருந்தார்கள்.