கட்டில் கதவு

ஏப்ரல் 3, 2025, வியாழன்
கிரீஸின் ராஃபினா துறைமுகத்தில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். காற்று தணிந்த பிறகே கப்பலை விட்டார்கள். ஆண்ட்ரோஸ் தீவின் கவ்ரியோவுக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரம்தான். ஆனால் எவியா தீவுக்கும் ஆண்ட்ரோஸுக்கும் இடையிலுள்ள நீரிணை கெட்ட பெயர் வாங்கியது. என் வயிறு அதற்குச் சாட்சி.

ஏப்ரல் 4, வெள்ளி
சினெட்டி ஊரிலிருந்து திபோத்தமாட்டா பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். ஏழு பேர், நான்கு மொழி. ஆளுக்கொரு நீளக் கைப்பிடிக் கத்தரி, கை ரம்பம். குளிர்கால மழையைக் குடித்த முட்கொடி பாதையை மூடிக் கிடக்கிறது. நுனியில் வெட்டினால் கோடைக்குள் திரும்பி வந்துவிடுமாம். வேர் வரை குனிய வேண்டும். மலையேற்றம் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்று ஏறியது, இறங்கியது எல்லாம் சேர்த்து இருநூறு மீட்டர்.

ஏப்ரல் 5, சனி
உள்ளங்கையில் கொப்புளம். கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டேன், வேறொன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்
கல் பாவிய இந்தப் பாதைகளுக்குக் கல்தெரிமி என்று பெயர். கார்ச்சாலை வருவதற்கு முன் ஊர்களுக்கு இடையே போக்குவரத்து இவற்றின் மேல்தான். பள்ளத்தாக்கில் இடிந்து நிற்கும் நீராலைகளுக்குத் தானியமும் கோவேறு கழுதை முதுகில் இப்படித்தான் வந்திருக்கிறது. படிகளின் உயரம் குறைவு, அகலம் அதிகம். கழுதையின் நடைக்கு அளவெடுத்தவை. என் காலுக்கு ஒவ்வொரு படியும் ஒன்றரை எட்டு. எரிச்சல்.

மறந்துபோன பாதைகளைத் தேடித் திறக்கும் வேலை 2010-இல் 'ஆண்ட்ரோஸ் ரூட்ஸ்' திட்டமாகத் தொடங்கியது. 2015-இல் 100 கிலோமீட்டர் நெடும்பாதைக்கு ஐரோப்பியத் தரச்சான்று கிடைத்தது. முட்கொடிக்குச் சான்றிதழ் படிக்கத் தெரியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்
இரவு மழையில் ஒரு சுவர் சரிந்திருந்தது. இங்கே அகலமான பலகைக் கற்களை நிமிர்த்தி நட்டு, இடைவெளியில் சிறு கற்களை அடுக்குகிறார்கள். சாந்து கிடையாது. நான் மூன்று கற்களை அழகான முகம் வெளியே தெரிய வைத்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார், செருப்புக் காலால் லேசாகத் தள்ளினார். மூன்றும் உருண்டன.

"நீளத்தை ஊருக்குக் காட்டாதே, பிள்ளாய். சுவருக்குள் விடு."

பிறகு உள்ளே சல்லிக் கல்லைத் திணித்து, இரண்டு கற்கள் சேரும் இடத்தின் மேல் மூன்றாவதை அமர்த்திக் காட்டினார். சிமென்ட் பூசினால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். "தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்றார் பெரியவர். இந்தக் கலையை 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததைச் சொன்னோம். தலையசைத்துவிட்டு அடுத்த கல்லைத் தேடப் போனார்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு. மதியம் ரொட்டி, ஆலிவ் காய், வெங்காயம்.

ஏப்ரல் 9, புதன்
வெள்ளிக்கிழமை வெட்டி ஒதுக்கிய முள்ளெல்லாம் பாதையின் குறுக்கே மலையாகக் கிடந்தது. சினம் தலைக்கேறியது. போட்டவர் அதே பெரியவர்! நடப்பவர்கள் படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, அவருடைய ஆடுகள் கீழ்த் தோட்டத்துக் கொடிமுந்திரித் தளிரை மேய்ந்துவிட்டனவாம். பழைய படல் மக்கிக் கிடந்ததை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து துருப்பிடித்த இரும்புக் கட்டிலின் தலைமாட்டைச் சுமந்து வந்தோம். கம்பியால் ஒரு பக்கம் கட்டினோம்; மறுபக்கக் கொக்கியை அவரே வளைத்தார். பிறகு ஏழு பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகத் திறந்து, நுழைந்து, மூடச் சொன்னார். நான் இரண்டு தடவை மூட வேண்டியிருந்தது.