அப்பாவையும் மகனையும் தரவில் கோக்கப் போய் மூன்று வாரம் வீணான கதை

அப்பா படிப்பு ஒரு பத்தி, மகன் படிப்பு ஒரு பத்தி, இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் தலைமுறை ஏற்றம் தெரிந்துவிடும் என்றுதான் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். தரவை எடுத்தேன். பதிவிறக்கி ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்ற அரை நாள். அதற்கப்புறம்தான் சனி பிடித்தது.

‘அப்பா என்ன படித்தார்’ என்ற கேள்வியே அதில் கிடையாது. வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற குறியீடுதான் உண்டு. 1 தலைவர், 3 மணமான பிள்ளை, 5 மணமாகாத பிள்ளை, இதுவரை சிக்கலில்லை. 6 பேரப்பிள்ளை. மணமான மகன்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் எந்தப் பேரன் யார் பிள்ளை? தெரியாது. 7 இன்னும் மோசம்: அப்பா, அம்மா, மாமனார், மாமியார் நாலு பேருக்கும் ஒரே எண். 7-இல் இருந்த ஆண்களையெல்லாம் அப்பா என்று கோத்துவைத்திருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளைகளின் மாமனார்களும் அதில் வந்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்தாலும் பெரிய ஓட்டை அப்படியே இருக்கும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் அப்பா-மகன் மட்டுமே மாட்டுவார்கள். வேலைக்காக ஊரைவிட்டுப் போனவன், தனிக்குடித்தனம் போனவன், அப்பா இறந்துபோனவன் எல்லோரும் கழன்றுவிடுவார்கள். மணமான மகள்கள் ஏறக்குறைய யாருமே இருக்கமாட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஐ.எச்.டி.எஸ். என்ற இந்தியக் குடும்பக் கணக்கெடுப்பு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லி ஆய்வு நிறுவனமான என்.சி.ஏ.இ.ஆரும் சேர்ந்து 2004-05இலும் 2011-12இலும் எடுத்தது; இரண்டாம் சுற்றில் 42,152 குடும்பங்கள். தலைவரின் அப்பா கூட இல்லாவிட்டாலும் அவருடைய படிப்பையும் தொழிலையும் கேட்டிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: தலைவர் பெண் என்றால் அது கணவரின் அப்பாவைப் பற்றிய கேள்வி. மாறியின் (தரவுப் பத்தியின்) பெயரை நம்பாதீர்கள், கேள்விப் படிவத்தைப் பிரித்துப் பாருங்கள். பெண் தலைவர்களைத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் என் எண்கள் கொஞ்சம் நம்பும்படி வந்தன. இரண்டு சுற்றையும் இணைக்கும்போது பிரிந்த குடும்பத்துக்கான அடையாள எண்ணை விட்டுவிட்டால், பாகம் பிரிந்த அண்ணன் தம்பி வீடுகள் ஒன்றோடொன்று குழம்பும்.

அடுத்தது அளவுகோல். தொடர்புப் போக்குக் கெழு (regression coefficient) என்பது, அப்பா ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்திருந்தால் மகன் எவ்வளவு கூடுதலாகப் படிக்கிறான் என்பது; அது குறைந்தால் ஏற்றம் கூடியதாகக் கொள்வார்கள். அதை மட்டும் போட்டுவிட்டு ‘ஏற்றம் கூடிவிட்டது’ என்று எழுதாதீர்கள். அது ஒட்டுறவுக் கெழுவை (correlation, இரண்டும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பது) மகன்கள் படிப்பின் திட்ட விலக்கத்தால் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது) பெருக்கி, அப்பாக்களின் திட்ட விலக்கத்தால் வகுத்தது. ஒட்டுறவு 0.5 என்று வையுங்கள். விலக்கங்கள் மகனுக்கு 5, அப்பாவுக்கு 3.5 என்றால் கெழு 0.71; அடுத்த தலைமுறையில் 4.7, 4.5 என்றால் 0.52. ஒட்டுறவு அசையவே இல்லை, ஆனால் படம் வரைந்தால் புரட்சி நடந்த மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதோடு, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் 20 வயதுப் பையன்களை வெளியே விடுங்கள்.

தொழிலை அளப்பவர்களுக்கு ஒன்று. ஐ.எச்.டி.எஸ். தொழில் குறியீடு என்.சி.ஓ. 1968 என்ற தேசியத் தொழில் வகைப்பாடு. அதில் 61 சொந்தமாக உழுபவர், 63 விவசாயக் கூலி. முதல் இலக்கத்தோடு வெட்டினால் இரண்டுமே 6. அப்பா நிலத்தை உழுதார், மகன் அந்த நிலம் கைவிட்டுப் போய்க் கூலிக்குப் போகிறான். உங்கள் அட்டவணையிலோ ‘மாற்றமில்லை’ என்று விழும். இரண்டு இலக்கமும் வேண்டும்.