ஸ்டாப்: நிற்பதா, நிறுத்துவதா?

பெங்களூரு ஆபீஸ்களில் நம்மவர்கள் எழுதும் மெயில்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘வி ஸ்டாப்ட் டு யூஸ் தி ஓல்ட் சர்வர்.’ பழைய சர்வரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம் என்று சொல்லத்தான் நினைத்தார்கள். படிப்பவருக்குப் போய்ச் சேருவதோ நேர்மாறு: கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, பழைய சர்வரைப் பயன்படுத்தப் போனோம். ‘ஸ்டாப்ட் யூஸிங்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

‘பஸ் நின்றது’, ‘டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார்’ என்று தமிழில் வினையே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்டாப்தான். அதனால் அடுத்து வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘இங்’ வந்தால் அந்தச் செயலே நிற்கிறது. ‘டு’ வந்தால் அந்தச் செயலுக்காக வேறொன்று நிற்கிறது. சிவாஜிநகர் போகிற வழியில் ஒருவர் ‘ஸ்டாப்ட் டு ட்ரிங்க் டீ’ என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். ‘ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ’ என்றால் டீயையே விட்டுவிட்டார்.

சந்தேகம் வந்தால் ‘டு’வுக்கு முன்னால் ‘இன் ஆர்டர்’ சேர்த்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்தது கெட்டுப்போனால் ‘இங்’ போடுங்கள். இந்தத் தப்பு வருவதற்குக் காரணம் ஸ்டார்ட், பிகின் இரண்டும்தான். ‘ஸ்டார்ட்டட் டு ரெயின்’, ‘ஸ்டார்ட்டட் ரெயினிங்’ இரண்டும் ஒரே பொருள் தருவதால், ஸ்டாப்பும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒருவரைத் தடுப்பதைச் சொல்லும்போதும் ‘டு’ வராது. ‘ஸ்டாப் ஹிம் டு கோ’ தவறு. ‘ஸ்டாப் ஹிம் ஃப்ரம் கோயிங்’ சரி.

இறந்தகாலத்தில் ‘பி’ எழுத்து இரண்டு வரும். உச்சரிப்பு ‘ஸ்டாப்ட்’, ஒரே அசை; ‘ஸ்டாப்புடு’ அல்ல.

பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாண்டு விஷயத்தில் தமிழே அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிற இடம் நிறுத்தம், பஸ்கள் வந்து நின்று கிளம்புகிற பெங்களூரு மெஜஸ்டிக் மாதிரி இடம் நிலையம். ‘ஹால்ட்’ இன்னும் முறைசார்ந்த சொல். ரயில்வேயில் அது சிறிய நிறுத்தத்துக்குப் பெயர். தேவனஹள்ளி தடத்தில் விமான நிலையத்துக்கென 2021இல் திறந்ததும் ஹால்ட் ஸ்டேஷன்தான்.

‘ஐ வில் ஸ்டாப் பை அட் ஃபோர்’ என்று மேனேஜர் எழுதினால் எந்த வேலையும் நிற்கப்போவதில்லை. நாலு மணிக்கு உங்கள் இடத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.