பட்டறை இல்லாமல் ஹெட் கேஸ்கட் மாற்றுவது

கையில் காசு இல்லாத நேரம் பார்த்துத்தான் வண்டியும் படுத்துக்கொள்ளும். வண்டி ஓடினால்தான் வருமானம், வருமானம் வந்தால்தான் வண்டியைச் சரிபார்க்க முடியும் என்று மாட்டிக்கொண்டவர்களுக்கு, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் வண்டியே போய்விட்டதாகத் தோன்றும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். உண்மையில் அதை மாற்றும் வேலையில் பொருள் செலவைவிடக் கூலிதான் பெரிது. கூலியை நம் உடம்பால் கொடுத்துவிடலாம். கூரை, பிட், லிஃப்ட் எதுவும் கட்டாயமில்லை. முக்கால்வாசி வேலை பானெட்டைத் திறந்துவைத்து நின்றபடியே செய்வதுதான். வெட்டவெளியில் இந்த வேலையைக் கெடுப்பவை தூசியும் மழையும் அவசரமும்தான். கருவி இல்லாத குறையை ஓரளவு சமாளித்துவிடலாம், இவற்றைச் சமாளிக்க முன்யோசனை வேண்டும்.

நான்கு சிலிண்டர், அலுமினிய ஹெட், பெட்ரோல் எஞ்சின் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் எஞ்சினுக்கான சர்வீஸ் மேனுவலில் மூன்று பக்கங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும்: ஹெட் போல்ட்டை முறுக்கும் வரிசை, முறுக்கு அளவு, டைமிங் குறிகள் (பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க, பெல்ட்டையோ செயினையோ எந்த நிலையில் மாட்ட வேண்டும் என்று காட்டும் அடையாளங்கள்). இந்த மூன்றும் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம்.

முதலில், போனது கேஸ்கட்தானா என்று உறுதிசெய்யுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே எண்ணெய் வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்புவரை கூலன்ட் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. நிற்காமல் வந்து, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டும்போது குமிழியும் கூடினால் சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. இன்னொரு சோதனை: மூடியைப் போட்டு, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடே ஏறாத ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால் அதுவும் அதே சேதிதான். ஸ்பார்க் பிளக்குகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்தால், கூலன்ட் இறங்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவினாற்போல் வெளுத்திருக்கும். கம்ப்ரஷன் மீட்டர் இரவல் கிடைத்தால் எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால், அவற்றுக்கு நடுவில்தான் கேஸ்கட் எரிந்திருக்கிறது. சூடான எஞ்சினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் சூடேறிக் கேஸ்கட் போனதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ரேடியேட்டர் அடைப்பு, சுற்றாத ஃபேன், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் மாட்டும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கேஸ்கட் போட்டால் அதுவும் போகும். ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பான் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை: சிறு கசிவைச் சில நாள் நிறுத்தும், கூடவே ஹீட்டர் குழாய்களையும் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். கழித்துக்கட்டப்போகும் வண்டிக்கு ஊற்றலாம். இன்னும் சில ஆண்டு ஓட வேண்டிய வண்டிக்கு நான் ஊற்றச் சொல்ல மாட்டேன்.

பொருள் முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் பிரிக்கத் தொடங்க வேண்டும். கஷ்டத்தில் இருப்பவர்கள் பாதி பணத்தை வைத்துக்கொண்டு பிரித்துப்போட்டு, மீதிக்குக் காத்திருக்கும்போதுதான் எஞ்சின் துருப்பிடிக்கிறது. மேனிஃபோல்டுகளை (ஹெட்டுக்குக் காற்றும் அதிலிருந்து புகையும் போகும் குழாய்த் தொகுதிகளை) அவிழ்க்கும் வரை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், திரும்பப் பூட்டி வைக்கலாம். ஹெட் போல்ட்டைத் தளர்த்திவிட்டால் பழைய கேஸ்கட் மறுபடி அடைக்காது; அதன்பின் திரும்ப வழியில்லை. வாங்க வேண்டியவை: ஹெட் கேஸ்கட் செட், புது ஹெட் போல்ட், தெர்மோஸ்டாட், எண்ணெய் ஃபில்டர் இரண்டு, இரண்டு முறை மாற்றும் அளவுக்கு எண்ணெய், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர். டைமிங் பெல்ட் எஞ்சின் என்றால் பெல்ட்டும் டென்ஷனரும். அதே பெல்ட்டில் பம்ப் சுற்றினால் பம்பும் சேர வேண்டும். கழிவு வண்டிக் கடையில் ஃபேன், மேனிஃபோல்டு, சென்சார் எடுக்கலாம். போல்ட், பெல்ட், கேஸ்கட் மூன்றையும் அங்கே எடுக்கக்கூடாது. டீசல் எஞ்சின்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கேஸ்கட் வெவ்வேறு தடிமனில் வரும். விளிம்பில் உள்ள துளை அல்லது வெட்டு எண்ணிக்கைதான் அடையாளம். பழையதில் எத்தனையோ புதியதிலும் அத்தனை இருக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் குழாயைப் பிரிக்க ஒருமுறையாவது வண்டிக்கு அடியில் போக வேண்டி வரும். ஜாக்கியை நம்பி ஒரு கையைக்கூட அடியில் நீட்டக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டுதான் தாங்குவதற்கு. மண் தரையில் ஸ்டாண்டின் கால் ஒவ்வொன்றும் புதையும். வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் அப்படித்தான். 18 மி.மீ.க்குக் குறையாத பிளைவுட் பலகையை ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் போடுங்கள். பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரிலும் போடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்து அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப்போடுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் உயிர் தப்பும் இடைவெளி கிடைக்கும். ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் வேண்டவே வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். வண்டியிலேயே தங்கியிருப்பவர்கள், அது ஸ்டாண்டில் நிற்கும் இரவுகளில் வேறு இடத்தில்தான் படுக்க வேண்டும்.

இதே காரணத்தால் கிளட்ச் வேலையைத் தனியாளாகத் தரையில் செய்யச் சொல்ல மாட்டேன். சிறிய காரின் கியர்பாக்ஸே 30 கிலோவுக்கு மேல் வரும். படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு நேர் மேலே அது கழன்று இறங்கும். இரண்டு பேரும், அதைத் தாங்கும் இரண்டாவது ஜாக்கியும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இப்போது பிரிப்பது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். இதை முதல் நாள் மாலையே செய்துவிடுங்கள். காலையில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலன்ட்டை வாளியில் பிடித்து மூடி வையுங்கள். இனிப்பாக இருக்கும் அந்தத் திரவம் விஷம். நாயோ குழந்தையோ நக்கிவிடக் கூடாது. எண்ணெயையும் வடித்துவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும் முன் போனில் படம் எடுங்கள், ஒயரிலும் சாக்கெட்டிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தால் கடைசியில் குழப்பம் வராது.

அதிக நேரம் பிடிப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் துருப்பிடித்த நட்டுகள்தான். முந்தைய இரண்டு நாட்களும் மாலையில் துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் போடாதீர்கள், ஆறுமுனைதான் பிடிமானம் தரும். முதலில் ஒரு நூலளவு முறுக்கும் திசையில் தட்டி, துரு உடைந்த சத்தம் கேட்டதும் தளர்த்துங்கள். பாதியில் இறுகினால் திரும்ப முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். வீம்பு பிடித்தால் ஸ்டட் ஒடியும். அதைத் துளைத்தெடுக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து டைமிங் குறிகளை நேர்படுத்தி, அவற்றின் மேல் வெள்ளை பெயின்ட்டால் கூடுதலாக ஒரு கோடு போட்ட பிறகே பெல்ட்டையோ செயினையோ எடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கால் சுற்றாகப் பல சுற்றில் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் இணையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக்கூடாது. போர்ட்டுக்குள் மரக்கட்டை கொடுத்து அசைத்தாலே விட்டுவிடும்.

ஹெட் வெளியே வந்ததும் கவலை பிளாக்கைப் பற்றித்தான். நான்கு துளையிலும் சுத்தமான பருத்தித் துணி அடைத்து, எத்தனை துணி என்று அட்டையில் எழுதி வையுங்கள். கூலன்ட், எண்ணெய் வழிகளை டேப்பால் மூடுங்கள். பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்பு பிளாக்கில் மட்டும் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டலாம். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டை, எமரித்தாள் இரண்டும் கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் தூள் எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். அன்றைய வேலை முடிந்ததும் சிலிண்டர் சுவர்களில் மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். ஒரே இரவுப் பனியில் துரு ஏறிவிடும். அதன்மேல் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் பானெட்டையும் சேர்த்து மூடும் தார்ப்பாய்.

போல்ட் துளைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடியில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது நசுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளக்கும். குச்சியில் துணி சுற்றி, காய்ந்து வரும்வரை ஒவ்வொரு துளையாக ஒற்றி எடுங்கள். பழைய ஹெட் போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டுக் கையால் முறுக்கினால் மரை அழுக்கும் வந்துவிடும்.

ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்வதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சூடேறிய அலுமினியம் வளையாமல் தப்புவது அபூர்வம். முன்கூட்டிப் பார்க்க வேண்டுமானால் நேர்விளிம்பு இரும்புப்பட்டையை நீளவாக்கில், குறுக்கில், இரு மூலைவிட்டங்களில் வைத்து அடியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய இரும்பு இலைகளை) நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. இலை எங்காவது நுழைந்தால் மேனுவலில் உள்ள வரம்பைப் பாருங்கள், 0.10 மி.மீ. நுழைந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் மட்டம் எடுத்தே ஆக வேண்டும். பிளாக்கின் முகத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். வால்வுகளுக்கு நடுவே விரிசல் உண்டா என்று அழுத்தச் சோதனையும் செய்துதரச் சொல்லுங்கள்.

பூட்டும்போது இரு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். கேஸ்கட்டில் மேல்பக்கம் என்று அச்சிட்ட முகம் மேலே வர வேண்டும். மேனுவல் சொல்லாத இடத்தில் சீலன்ட் தடவாதீர்கள். ஹெட்டை இறக்க இரண்டு பேர் வேண்டும், கேஸ்கட்மேல் அதை இழுக்காமல் நேராக வைக்க வேண்டும். போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக முறுக்க வேண்டும்.

முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானரான டார்க் ரெஞ்ச் இரவல் கிடைக்காவிட்டால் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு போதும். நீளமான கைப்பிடியில் சாக்கெட்டின் நடுவிலிருந்து சரியாக அரை மீட்டரில் குறியிட்டு, அங்கே தராசின் கொக்கியை மாட்டிச் செங்கோணத்தில் இழுங்கள். தேவையான நியூட்டன் மீட்டரை 0.5ஆல் வகுத்து, மறுபடி 9.81ஆல் வகுத்தால் தராசில் வர வேண்டிய கிலோ கிடைக்கும். 20 நியூட்டன் மீட்டருக்கு 4.1 கிலோ, 40க்கு 8.2, 60க்கு 12.2. தராசைப் படுக்கைவாக்கில் பிடித்த நிலையிலேயே பூஜ்யமாக்குங்கள். போல்ட் செங்குத்தாக இருந்தால் கைப்பிடியின் எடை கணக்கைக் கெடுக்காது. அதன்பின் 90 டிகிரி என்று மேனுவல் சொன்னால், ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரே திசையில் பெயின்ட் புள்ளி வைத்துக் கால் சுற்று திருப்புங்கள். இப்படிக் கோணத்தில் முறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் நீண்டு இறுகுபவை; ஒருமுறைதான் பயன்படும்.

டைமிங் பூட்டியதும், பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டின் முனைப் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாகத் தட்டினால் உடனே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. இரண்டு சுற்றுக்குப் பின் குறிகள் மறுபடி நேரே வர வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் மறுபடி பிரித்துப் போடுங்கள்.

அட்டையில் எழுதிய துணிக் கணக்கை ஹெட் வைக்கும் முன்னரே சரிபார்த்திருக்க வேண்டும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருக்க, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக நிரப்புங்கள். ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அணைத்து, ஆறவிட்டு, நிரப்பி, மறுபடி ஓட்டுங்கள். தொடக்கத்தில் எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை வரும். குழாயில் தேங்கிய கூலன்ட் எரிந்து தீர்ந்ததும் நின்றுவிடும். எண்ணெயில் முன்பு கூலன்ட் கலந்திருந்தால், இந்தச் சூட்டோடு முதல் எண்ணெயை வடித்து ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

முதல் வாரம் தினமும் காலையில் ஆறிய எஞ்சினில் கூலன்ட் மட்டத்தையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். முதலிரண்டு நாள் மட்டம் சிறிது இறங்கினால் காற்று வெளியேறியிருக்கும். அதன்பிறகும் இறங்கிக்கொண்டே போனால் பாரம் ஏற்றாமல், தூரம் போகாமல், குமிழிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வடித்த எண்ணெயையும் கூலன்ட்டையும் தனித்தனிக் கேன்களில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். நிறுத்திய இடத்தில் மரத்தூளோ மணலோ தூவிக் கறையைக் கூட்டி அள்ளிவிட்டால், அடுத்தமுறையும் அங்கே வண்டியை நிறுத்திக்கொள்ள இடத்துக்காரர் சம்மதிப்பார்.