பெரியம்மாவின் கசெட்டில் ஒரு மறுபக்கம்

1991 ஆம் ஆண்டு கார்த்திகை மழை நாட்களில், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் என் ஒன்றுவிட்ட அண்ணா கொடுத்தனுப்பிய 90 நிமிடக் கசெட் ஒன்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் ஒரு பக்கம் முழுவதும் பெரியம்மாவுக்கு அவர் பேசிப் பதிந்த கடிதம். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கரைந்த அந்தக் காலத்தில், 83 ஆடிக்குப் பிறகு புறப்பட்டுப் போன பிள்ளைகள் பலர் இப்படித்தான் தங்கள் குரலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபக்கத்தில் என் பெயரும் 'ஹமில்டன், 22-3-1990' என்ற குறிப்பும் எழுதப்பட்டிருந்தன. கிரேட்புல் டெட் என்ற அமெரிக்க ரொக் குழு ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்டன் நகர உள்ளரங்கில் வாசித்த இரவொன்றின் பிற்பாதியிலிருந்து 45 நிமிடங்கள் அதில் இருந்தன.

பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகு பெரியம்மா தன் பக்கத்தைக் கேட்பார். அது முடிந்து பொத்தான் மேலெழும் ஓசைக்காகவே நான் காத்திருப்பேன். கசெட்டைத் திருப்பிப் போட்டதும் அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் முதலில் நினைத்தேன், அவர் போகவில்லை. புரியாத மொழியில் யாரோ பாடுவதையும், எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பிடிபடாத கிட்டார் வாசிப்பையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாட்டு முடிந்து சனம் ஆரவாரிக்கும் இடம் வந்ததும் ஒலியைக் கூட்டச் சொன்னார். "இந்தக் கைதட்டலுக்குள்ள அவனும் நிண்டு தட்டுறான்" என்றார். ரொக் இசை பற்றி நான் பின்னர் வாசித்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. மேடையின் ஒலிக்கருவியிலிருந்து நேரே எடுக்காமல், கூட்டத்தின் நடுவில் ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்து ரசிகர் ஒருவர் பதிந்த ஒலி அது. அப்படிப் பதிந்தால் பாடகர் மட்டுமல்ல, கேட்டவர்களும் நாடாவுக்குள் வந்துவிடுவார்கள்.

கச்சேரியில் பதிவுக் கருவியுடன் பிடிபட்டவரை வெளியே தள்ளுவதே மற்றக் குழுக்களின் வழக்கமாக இருந்தது. கிரேட்புல் டெட் 1965 இல் கலிபோர்னியாவில் உருவான குழு. அறுபதுகளின் இறுதியிலேயே அதன் ரசிகர்கள் பதிவுக் கருவிகளை ஒளித்துக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். குழுவினர் அதைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். காலப்போக்கில் ஒலிவாங்கித் தண்டுகள் காடுபோல் வளர்ந்து ஒலிப்பொறியாளரின் பார்வையையே மறைத்தபோது, தடைசெய்வதற்குப் பதிலாக, 1984 ஒக்டோபரில் அவருடைய மேடைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குத் தனி நுழைவுச்சீட்டும் விற்றார்கள். தாங்கள் வாசித்து முடித்த பிறகு அந்த இசை கேட்டவர்களுக்கு உரியது என்பதே குழுவின் தலைவர் என்று எல்லோரும் கருதிய, ஆனால் தலைவர் என்ற பட்டத்தை ஒருபோதும் விரும்பாத, ஜெரி கார்சியாவின் நிலைப்பாடாக இருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: பதிந்ததை விற்கக் கூடாது. வேண்டியவர் வெற்றுக் கசெட்டையும் தபால் செலவையும் அனுப்பினால், வைத்திருப்பவர் பிரதி எடுத்துத் திருப்பி அனுப்புவார். ஒருவரையொருவர் முகம் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் இந்த நாணயத்தைப் பல ஆண்டுகள் காப்பாற்றினார்கள்.

அந்நாளில் பம்பலப்பிட்டியில் இருந்த ரெக்கோடிங் பார் ஒன்றில், தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்க் காசு கட்டிக் கசெட்டை வாங்கி வருவதே எனக்குப் பழக்கம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொழும்பில் எங்கள் தலைமுறைக்கு உலக இசையைக் கொண்டுவந்து தந்தவை அந்தச் சின்னக் கடைகள்தான். ஆனாலும், தன் கச்சேரியைத் தானே கொடுத்துவிட்ட ஒருவரின் இசை என் கையில் இருக்கிறது என்பதை அண்ணாவின் அடுத்த கடிதத்தில் அறிந்தபோது, அந்த கசெட்டின் பாரமே வேறாகிவிட்டது. "கேக்கிற ஆக்களுக்குக் கொப்பி பண்ணிக் குடு, ஒருத்தரிட்டையும் காசு வாங்காதை" என்று அவர் எழுதியிருந்தார்.

இந்த உறவு தானாக வளர்ந்ததென்று சொல்ல முடியாது. 1971 இல் வெளியிட்ட இசைத்தட்டின் உள்ளட்டையில், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று ரசிகர்களை விசாரித்து, பெயரையும் முகவரியையும் அனுப்பும்படி குழுவே கேட்டிருந்தது. டெட்ஹெட்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்த ரசிகர்களுக்கு 1983 முதல் நுழைவுச்சீட்டுகளையும் தபால் மூலம் நேரடியாகவே விற்றது. ஓர் இரவில் வாசித்ததை அடுத்த இரவில் அப்படியே திரும்ப வாசிக்காத குழு என்பதால், சுமார் 2,300 கச்சேரிகளில் ஒவ்வொன்றும் தனி. கசெட்டில் ஊரும் திகதியும் தவறாமல் எழுதப்பட்டதன் காரணம் அதுதான். ஹமில்டன் கச்சேரி நடந்து நான்கு மாதம் முடிந்த சில நாட்களில், அதில் விசைப்பலகை வாசித்துப் பாடிய பிரெண்ட் மிட்லண்ட் இறந்துபோனார் என்பதை அறிந்த பின், அந்தத் திகதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ரசிகர்கள் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். குழுவின் ஒலிப்பதிவாளர்களில் ஒருவரான பெட்டி கன்டர்-ஜாக்சன் எழுபதுகளில் மிகுந்த கவனத்துடன் பதிந்த நாடாச் சுருள்கள், களஞ்சிய வாடகை கட்ட இயலாத நிலையில், 1986 இல் ஏலத்துக்குப் போயின. அவற்றை வாங்கியவர்களிடமிருந்து, ரசிகர்களின் உழைப்பினால், பிரதிகள் கைமாறத் தொடங்கின. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 ஆம் திகதி நடந்த கச்சேரி அப்படித்தான் உலகைச் சுற்றி வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011 ஆம் ஆண்டுக்குரிய தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது; முறையான வெளியீடாக அது வந்ததோ 2017 இல்தான். அதற்கு முன்பே இரண்டு தலைமுறை ரசிகர்கள் அதை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள்.

ஆனால் அன்புக்கும் ஒரு சுமை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது கார்சியாவுக்குச் செய்யும் அநீதி. 1986 ஜூலையில் நீரிழிவினால் அவர் பல நாட்கள் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்த பிறகு கிட்டார் வாசிப்பையே மீண்டும் பயில வேண்டியிருந்தது; டிசம்பர் நடுப்பகுதியில் ஓக்லண்ட் மேடைக்குத் திரும்பிவிட்டார். நான்கு வயதில் விறகு வெட்டும் விபத்தில் வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்த பின்பும் கிட்டார் பழகிய மனிதர் அவர். அடுத்த ஆண்டு குழுவின் பாடலொன்று முதன்முறையாக முதல் பத்து இடங்களுக்குள் வந்தது, கூட்டம் பெருகியது. குழுவை நம்பி வேலை செய்த குடும்பங்களும், ஊர் ஊராகப் பின்தொடர்ந்த ரசிகர்களும் இருந்தபோது, உடல் தளர்ந்தும் போதைப் பழக்கத்திலிருந்து மீளாமலும் இருந்த அவரால் ஓய்வெடுக்க முடியவில்லை. 1995 ஜூலை 2 அன்று இந்தியானாவில் நுழைவுச்சீட்டில்லாத கூட்டம் வேலியை உடைத்து உள்ளே புகுந்ததால் மறுநாள் கச்சேரி கைவிடப்பட்டது. குழுவினர் எல்லோரும் கையொப்பமிட்டு ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தங்களை நம்பிக் கதவைத் திறந்து வைத்தவர்களிடம் அந்தக் கூட்டம் நடந்துகொண்ட விதத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஒகஸ்ட் 9 அன்று, 53 வயதில், கார்சியா மாரடைப்பால் இறந்தார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் கங்கையில் கரைக்கப்பட்டது. அதைச் சொன்னபோது பெரியம்மா ஒன்றும் பேசாமல் சாமிப்படத்துக்கு ஒரு பூ வைத்தார்.

2005 நவம்பரில் இந்த நம்பிக்கை ஒருமுறை ஆட்டங்கண்டது. இணையக் காப்பகம் ஒன்றில் எல்லோருக்கும் கிடைத்துவந்த கச்சேரிப் பதிவுகளைப் பதிவிறக்க முடியாதபடி நீக்கும்படி குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பில் லெஷ் அந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். சில நாட்களிலேயே, கூட்டத்திலிருந்து ரசிகர்கள் பதிந்தவை பழையபடி திரும்பின. மேடைக் கருவியிலிருந்து எடுத்தவை கேட்பதற்கு மட்டும் என்றாயின. அந்தப் பிரிப்பு எனக்கு நியாயமாகவே பட்டது. ரசிகர் தன் கையால் பதிந்தது ரசிகருடையது.

பெரியம்மா 2004 இல் காலமானார். கசெட்டின் இரு பக்கங்களையும் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். கடந்த மாதம், கொட்டாஞ்சேனையில் நண்பர்களுடன் சேர்ந்து மெட்டல் இசை வாசிக்கும் ஓர் இளைஞன் வீட்டுக்கு வந்து அதைக் கேட்டுவிட்டு, "அங்கிள், எனக்கும் ஒரு கொப்பி தரேலுமா? எவ்வளவு தரவேணும்?" என்றான். வெறும் பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்தான். பிரதி ஏறும்வரை இருவரும் அந்தக் கைதட்டல் வரும் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு சிறு தாளில் 'ஹமில்டன், 22-3-1990' என்று எழுதி அதனுடன் சேர்த்துக் கொடுத்தேன்.