ஆங்கிலக் கால்வாயைப் பதினொரு முறை கடந்த சரக்குக் கப்பல்

1943-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள சவுத் போர்ட்லண்ட் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு சரக்குக் கப்பலுக்கு அடிக்கட்டை இடப்பட்டது. ஜூன் 19 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. ஜூன் 30 அன்று பயணத்துக்கு ஆயத்தமான நிலையில் ஒப்படைக்கப்பட்டது. எட்டே வாரங்களில் உருவான அந்தக் கப்பலுக்கு, அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775-இல் அதே மாநிலத்தின் மச்சியாஸ் ஊரருகே பிரிட்டனின் ஆயுதக் கப்பலான மார்கரெட்டாவைக் கைப்பற்றிய ஜெரமையா ஓ'பிரையனின் பெயரைச் சூட்டினார்கள். இக்கப்பலின் பணி வரலாற்றைச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். அது எந்தப் பெருங்கடற்போரையும் வென்றதில்லை. சரக்கை ஏற்றியது, கொண்டுசேர்த்தது, மறுபடி ஏற்றப் போனது. போர் நடந்த காலத்தில் ஒரு சரக்குக் கப்பல் செய்யக்கூடிய மிகப் பெரிய பணி அதுதான் என்பது என் எண்ணம்.

‘லிபர்ட்டி’ வகைக் கப்பல்கள் என்று அழைக்கப்பட்டவற்றில் இது ஒன்று. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்த வேகத்தைவிட விரைவாகப் புதிய கப்பல்களைக் கட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில், பிரிட்டனில் உருவான ஓர் எளிய வடிவமைப்பை எடுத்துக்கொண்டு, 1941 முதல் 1945 வரை 2,700-க்கும் மேற்பட்ட கப்பல்களை அமெரிக்கா கட்டிமுடித்தது. நீளம் ஏறத்தாழ 441 அடி, அகலம் 57 அடி, ஐந்து சரக்கறைகள். ஒரே கப்பலில் 2,840 ஜீப்புகளையோ 440 இலகு ரக டாங்கிகளையோ ஏற்ற முடியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்பதே எதிர்பார்ப்பு.

இதன் எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1940-களில் நீராவிச் சுழலிகள் (டர்பைன்கள்) பரவலாகிவிட்டன. ஆனால் அவற்றைத் தயாரிக்கும் திறன் முழுவதும் போர்க்கப்பல்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே லிபர்ட்டி கப்பல்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பழகிப்போயிருந்த மும்முறை விரிவு நீராவி எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயரழுத்த உருளையில் வேலை செய்து, அழுத்தம் குறைந்ததும் அதைவிடப் பெரிய இடையழுத்த உருளைக்குப் போய், இறுதியில் மூன்றிலும் பெரிதான தாழழுத்த உருளையில் எஞ்சிய வலுவையும் தந்துவிட்டு மீண்டும் நீராகக் குளிர்விக்கப்படும். 2,500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 76 சுற்றுகள், மணிக்கு 11 கடல் மைல். அவ்வளவுதான் அதன் ஆற்றல். எனினும் பல தொழிற்சாலைகளால் அதைத் தயாரிக்க முடிந்தது. புதிதாகப் பயிற்சி பெற்று வந்த மாலுமிகளால் விரைவில் கற்றுக்கொள்ளவும் பழுதுபார்க்கவும் முடிந்தது. அந்த நெருக்கடியில் பழமையான எந்திரத்தைத் தேர்ந்தது மிகச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தகடுகளைத் தறையாணிகளால் (ரிவெட்டுகளால்) இணைப்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் வெல்டிங் செய்தார்கள். ஆணியடித்த உடலில் ஒரு தகட்டில் தோன்றும் விரிசல் அதன் விளிம்போடு நின்றுவிடக்கூடும். வெல்டிங் செய்த உடலிலோ அது தடையின்றி அடுத்த தகட்டுக்குப் பாயும். சரக்கறை வாய்களின் சதுர மூலைகளில் இழுவிசை குவிந்து விரிசல்கள் தொடங்கின. ஜான் பி. கெய்ன்ஸ் என்ற லிபர்ட்டி கப்பல் 1943-இல் கடலிலேயே இரண்டாகப் பிளந்தது. அன்றைய எஃகு கடுங்குளிரில் நொறுங்கும் தன்மையை அடைகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் தம் ஆய்வுகளால் விளக்கினார். ஓ'பிரையனின் மாலுமிகள் வட அட்லாண்டிக்கின் குளிரில் பயணம் செய்தது இதே வகைக் கப்பலில்தான் என்பதை எண்ணும்போது, எதிரியின் நீர்மூழ்கிகளுக்கு மட்டுமல்ல, காலடியிலிருந்த தகட்டுக்கும் அவர்கள் அஞ்ச வேண்டியிருந்தது புரிகிறது.

போர்க்காலத்தில் இக்கப்பல் ஏழு நெடும்பயணங்களை மேற்கொண்டது. முதலில், பாதுகாப்புக் கப்பல்கள் உடன்வர அணியணியாகச் செல்லும் கப்பற்கூட்டங்களில் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்குப் போய்வந்தது. 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகளின் படையிறக்கம் தொடங்கியபின் அதன் பணி மாறியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் போன்ற துறைமுகங்களில் வீரர்களையும் வண்டிகளையும் தளவாடங்களையும் ஏற்றிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து நார்மண்டிக் கடற்கரைக்குப் பதினொரு முறை சென்றது. கரையில் இறங்கிய படை முன்னேற வேண்டுமானால் நாள் தவறாமல் உணவும் எரிபொருளும் வெடிமருந்தும் வந்துகொண்டிருக்க வேண்டும். இந்தப் பதினொரு நடைகளும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். அதன் பிறகு சிலி, பெரு, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, இந்தியா, சீனா என்று தென்னமெரிக்காவிலும் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் பணியாற்றியது.

1946-இல் கலிபோர்னியாவின் சுசூன் விரிகுடாவில், தேவையற்ற கப்பல்களை நிறுத்திவைத்த இடத்தில் இதையும் கட்டிவைத்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் அங்கேயே நின்றது. உடன் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்கு விற்கப்பட்டபோது, அமெரிக்க அரசின் கடல்சார் நிர்வாகத்தில் பணியாற்றிய தாமஸ் பேட்டர்சன், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இது நல்ல நிலையில் இருப்பதைக் கண்டு, உடைக்கும் வரிசையில் தொடர்ந்து பின்னுக்குத் தள்ளிவந்தார். ஓர் அதிகாரியின் அந்தப் பொறுமை இல்லையென்றால் இன்று எழுத எதுவும் இருந்திருக்காது. 1979 அக்டோபர் 6 அன்று, இழுவைப் படகு இழுத்துச் செல்லாமல், தன் சொந்த நீராவியிலேயே அது அந்த விரிகுடாவை விட்டுப் புறப்பட்டது.

1994-இல், படையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவு நிகழ்வுக்காக, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பனாமா கால்வாய் வழியே மறுபடியும் நார்மண்டிக்குப் போனது. மாலுமிகளில் பெரும்பாலோர் எழுபது வயதை ஒட்டிய தன்னார்வலர்கள். போர்க்காலத்தில் இத்தகைய கப்பல்களில் இளைஞர்களாக வேலை செய்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அன்றைய பெருங்கப்பற்படையிலிருந்து அந்த நிகழ்வுக்குத் திரும்பி வந்த பெரிய கப்பல் இது ஒன்றே. அதே கொதிகலன்கள், அதே மூன்று உருளைகள், அதே 76 சுற்றுகள்.

2020 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் 45-ஆம் துறைமேடையில் பெருந்தீ மூண்டபோது, இக்கப்பல் அந்த மேடையருகே கட்டப்பட்டிருந்தது. தீயணைப்புப் படகு கப்பலின் பக்கவாட்டில் இடைவிடாமல் நீரைப் பீய்ச்சி வெப்பத்தைத் தணித்தது. மேடையிலிருந்த கிடங்கு எரிந்து விழுந்தது, கப்பல் தப்பியது.