சேர் சொன்ன பேயோவுல்ஃப்

எங்களுக்குப் படிப்பித்த சேரின் மறைவுச் செய்தி வந்த கிழமையே நினைவு மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டார்கள். அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கும். ஒழுங்கை முடக்கில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் நாங்கள் கலைந்த கதையை யாராவது எழுதட்டும். எனக்கு அவர் என்றால் பேயோவுல்ஃப்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. உயர்தர வகுப்பு. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பழைய ஆங்கிலக் காவியத்தை, பாதிப் பேர் பள்ளிக்கூடம் வர முடியாமல் போன நாட்களில்தான் சேர் எடுப்பார். கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. இந்தப் பக்கம் இரண்டு அழுத்தம், அந்தப் பக்கம் இரண்டு என்று மேசையில் விரல் கணுவால் தட்டுவார். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள் அந்த இடைவெளியைத் தாண்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மோனை தெரிந்த பெடியளுக்கு இது புதிதில்லை என்பார். மொத்தம் 3182 வரிகள். இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731இல் லண்டனில் நடந்த தீவிபத்தில் அதுவும் ஓரம் கருகித்தான் தப்பியது என்று அவர் சொன்னபோது, எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

2007 நவம்பரில் ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய அசைவூட்டப் படம் லண்டன் திரையரங்குகளுக்கு வந்தது. சேரின் கதையைக் காட்டலாம் என்று மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். நடிகர்களின் அசைவுகளைப் பதிந்து கணினியில் உருவாக்கிய முகங்கள். தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது, கண்ணில் உயிர் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதையை மாற்றியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காவியத்தில் பேயோவுல்ஃப் என்ற வீரன் கிரெண்டல் என்ற அரக்கனைக் கொல்கிறான். கிரெண்டலின் தாய் மகனைப் பறிகொடுத்துப் பழிவாங்க வருபவள். படத்தில் அவள் பொன் பூசிய அழகி. குதிகால் உயர்ந்த சப்பாத்துப் போலவே பாதம் வளர்ந்திருக்கிறது. பேயோவுல்ஃப் அவளைக் கொல்லாமல் அவளோடு கூடிவிட்டு, கொன்றதாகப் பொய் சொல்லுகிறான். கிரெண்டல் டேனியரின் மன்னன் ரோத்காரின் பிள்ளையாம். கடைசியில் வரும் பறவைநாகம் பேயோவுல்ஃபின் பிள்ளையாம். எல்லாத் துன்பத்துக்கும் அரசர்களின் ஆசைதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். கிரெண்டல் பழைய ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் சேரின் விரல் தட்டும் சத்தம் நினைவில் வந்தது.

சேர் சொன்ன முடிவு வேறு. ஐம்பது வருடம் தன் நாட்டை ஆண்டு கிழவனான பேயோவுல்ஃப் நாகத்தை எதிர்க்கப் போகிறான். கூடப் போன தோழர்கள் பத்துப் பேர் நெருப்பைக் கண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். விக்லாஃப் என்ற இளைஞன் ஒருவன்தான் நிற்கிறான். கிழவன் இறந்த பிறகு சிதையருகே ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள். இனிப் படை வரும், கொலை விழும், சிறைப்பட்டுப் போவோம் என்று அழுகிறாள். அந்த வரிகள் இருக்கும் ஏடு இன்று மிகவும் சிதைந்துபோய் இருக்கிறது. படத்தில் அவள் இல்லவே இல்லை.

அடுத்த நாள் சேருக்கு ரெலிபோன் எடுத்தேன். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடமே திரும்பி வந்து, இளைப்பாறும்வரை அதே மேல்மாடி வகுப்பில் நின்றவர். நான் படத்தைப் பற்றிக் கொட்டித் தீர்த்ததை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மனுசி அழுறதைக் காட்டினவையோ?"

"இல்லை, சேர்."

"பிறகென்னத்தைக் காட்டினவை?"

அப்புறம் எப்போது வருகிறாய் என்று கேட்டார். சண்டை ஓயட்டும் சேர் என்றேன். ஓய்ந்தது. பிறகு மகனின் சோதனை, வீட்டுக் கடன், வேலை. போன நேரங்களிலும் கல்யாணவீடு, கோயில் என்று ஓடியதில் அவரோடு ஆறுதலாக இருந்து கதைக்கவில்லை.

காட்டுக்குள் ஓடிய அந்தப் பத்துப் பேரை நான் கனதரம் நினைத்திருக்கிறேன். கதை சொல்லும்போது சேர் அவர்களைத் திட்டவில்லை. "இளம் ஆக்கள், உயிருக்குப் பயம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் வகுப்பு ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் கலைந்தபோதும் அவர் யாரையும் குறை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நற்சான்றிதழ் கேட்டுப் போனவனுக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். எனக்கு எழுதித் தந்தது இன்னும் இருக்கிறது.

செத்தவீட்டை நடத்தியது அயலவரும் அவர் கடைசியாகப் படிப்பித்த பெடியளும்தானாம். எங்கள் வகுப்பில் ஒருவர்கூட ஊரில் இல்லை. நான் ரிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.